உதிரத்தை அறிந்தபின் மருந்தைத் தொடுங்கள்
தாய்லாந்து மரபு மருத்துவம் கற்க வரும் பிள்ளைகளுக்கு

தாய்லாந்து மரபு மருத்துவத்தைக் கற்க வருகிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்பது ஒன்றுதான்: "மாதவிடாய்க் கோளாறுக்கு என்ன மருந்து?" கேள்வி தவறில்லை. ஆனால் அது நான்காவதாக வரவேண்டிய கேள்வி. இந்த மருத்துவம் வைத்தியருக்கு நான்கு கடமைகளை விதித்திருக்கிறது. நோய் எங்கிருந்து பிறந்தது என்று அறிவது முதற்கடமை. அதன் பெயரை அறிவது இரண்டாவது. நோய் தீர்க்கும் மருந்துகளை அறிவது மூன்றாவது. எந்த மருந்து எந்த நோய்க்குப் பொருந்தும் என்று தேர்வது நான்காவது. பெண்ணின் உதிரத்தைப் பொறுத்தவரை இந்த வரிசை மாறினால் நல்ல மருந்தே தீங்கு செய்யும். ஒருத்தியைக் காப்பாற்றிய பொடி இன்னொருத்தியைப் படுக்கையில் தள்ளும். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அந்த முதற்கடமைக்காகச் சொன்னவை.

1. நூலை முழுதாகப் படியுங்கள்

பெண்களின் உதிர நோய்களுக்கென்றே ஒரு நூல் இருக்கிறது: 'மகா சோதரத்'. கருவுறுதல், பிள்ளைப்பேறு, குழந்தை நோய்கள் பற்றிப் பேசும் 'பதோம் சிந்தா'வை அதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நோயின் காரணங்களைப் பகுத்துச் சொல்வது 'சமுத்தான் வினிச்சை'. ஏடுகளில் சிதறிக் கிடந்த இத்தகைய நூல்களை ஒப்புநோக்கித் தொகுக்கும் வேலை ஐந்தாம் இராமர் மன்னர் சுலாலங்கோர்ன் ஆணையில் 1870களில் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது 'பேத்தயாசாத் சோங்க்ரோ' என்ற பெயரில் அச்சேறியது. இன்றும் பாடநூல் அதுதான். அதற்கு முன்பே மூன்றாம் இராமர் ஆட்சியில் (1824–1851) பாங்காக்கின் வாட் போ விகாரையில் மருத்துவக் குறிப்புகளைக் கல்லில் வெட்டி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்து வைத்தார்கள். அறிவைப் பூட்டி வைக்காத மரபு இது. ஆகவே மருந்துப் பட்டியலை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நோய்க்குறிகளைச் சொல்லும் பக்கங்களே பட்டியலைவிட முக்கியம்.

2. வாய் திறக்க இடம் கொடுங்கள்

வடக்கே சியாங் மாய் நகரில், வாட் சேதி லுவாங் விகாரை வளாகத்தில் இன்தகின் என்ற நகரத்தூண் இருக்கிறது. அந்த மண்டபத்துக்குள் பெண்கள் நுழையக் கூடாது. மாதவிடாயே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இத்தகைய தடைகளைப் பார்த்து வளர்ந்த பெண் உங்கள் முன் அமர்ந்தவுடன் எல்லாவற்றையும் கொட்டிவிட மாட்டாள். "வயிறு சரியில்லை" என்றுதான் தொடங்குவாள்.

கதவை மூடுங்கள். உடன் வந்த கணவரையும் மாமியாரையும் சற்று வெளியே இருக்கச் சொல்லுங்கள். தாய்லாந்து மக்களும் நம்மைப் போலவே உறவுமுறை சொல்லித்தான் அழைப்பார்கள். மூத்தவளை 'பீ' என்றும், இளையவளை 'நோங்' என்றும், வயதானவரைப் 'பா' என்றும் கூப்பிடுங்கள். அக்காவும் தங்கையும் பெரியம்மாவுமாக ஆனபின் அவர்கள் பேசுவது வேறாக இருக்கும். நீங்கள் ஆணாக இருந்தால் ஒரு பெண் உதவியாளரை அறையில் வைத்துக்கொள்ளாமல் தொடங்கவே கூடாது.

3. கேள்விகளை வரிசைப்படுத்திக் கேளுங்கள்

"ஒழுங்காக வருகிறதா?" என்ற கேள்வியால் பயனில்லை. "வருகிறது" என்பாள், அதில் எதுவும் தெரியாது. இப்படிக் கேளுங்கள். முதன்முதலில் எந்த வயதில் வந்தது? கடைசியாக எந்தத் தேதியில் தொடங்கியது? அதற்கு முந்தையது எப்போது? எத்தனை நாள் நிற்கிறது? அதிகம் போகும் நாளில் எத்தனை நாப்கின் மாற்றுகிறாள்? இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? கட்டி கட்டியாகப் போகிறதா? நிறம் எப்படி, வாடை எப்படி? வலி உதிரத்துக்கு முன்னா, உடனா, பின்னா? அடிவயிற்றிலா, இடுப்பிலா, தொடைவரை இறங்குகிறதா? வெள்ளைப்படுதல் உண்டா? தாம்பத்திய உறவின்போது வலியோ உதிரமோ உண்டா?

ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை 24 முதல் 38 நாள் இருந்தால் வளர்ந்த பெண்ணுக்கு அது இயல்பு. உதிரம் 8 நாளுக்குள் நிற்க வேண்டும். வயதுக்கு வந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் இடைவெளி ஏறி இறங்குவதும், நாற்பதுகளின் பிற்பகுதியில் குழம்புவதும் உடலின் போக்குதான். இந்த எல்லைகள் மனத்தில் இல்லாதவர் இயல்பானதையெல்லாம் நோயாக்குவார். நோயை இயல்பென்று விட்டுவிடுவார்.

இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள்: கருத்தடைக்கு என்ன பயன்படுத்துகிறாள்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி தாய்லாந்தில் பரவலாகப் பழக்கத்தில் உள்ளது. அதைப் போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றே போகலாம். அது ஊசியின் விளைவு. அதை 'வறண்ட உதிரம்' என்று எண்ணிச் சூடான மருந்து கொடுப்பது வீண்.

4. வருமுன் வரும் ஐந்து குறிகளைக் கற்றுக்கொள்ளுங்கள்

'மகா சோதரத்'தின் பெரும் செல்வம் இது. உதிரம் உடலின் எந்த இடத்தைச் சார்ந்து எழுகிறது என்பதை வைத்து, மாதவிடாய் நெருங்கும்போது தோன்றும் துன்பங்களை நூல் ஐந்தாகப் பிரிக்கிறது.

இதயம் சார்ந்ததானால் மனம் நிலைகொள்ளாது, காரணமில்லாமல் கோபம் பொங்கும், பிதற்றலும் வரலாம். பித்தமும் ஈரலும் சார்ந்ததானால் காய்ச்சல் போலிருக்கும். தூக்கத்தில் திடுக்கிட்டு விழிப்பாள். தோலும் தசையும் சார்ந்ததானால் மேனி கொதிக்கும், பழுத்த கோவைப்பழம் போல் சிவக்கும், தடிப்புகள் எழும். தசைநார் சார்ந்ததானால் குளிரும் சூடும் மாறி மாறி வரும், தலை பிளக்கும். எலும்பு சார்ந்ததானால் மூட்டுகளெல்லாம் கழன்றுவிடும் போல வலிக்கும். முதுகும் இடுப்பும் ஒடியும். உடம்பை முறித்துக்கொண்டே இருப்பாள்.

எலும்பிலிருந்து உதிரம் ஒழுகிக் கருப்பைக்கு வருகிறது என்று இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் மாதவிடாய் ஒவ்வோர் இடத்தில் வலிக்கும் என்பதைப் பழைய வைத்தியர்கள் உற்றுப் பார்த்து எழுதிவைத்த வரைபடம் அது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், அவள் சொல்லாத இடங்களையும் கேட்பீர்கள். "வருவதற்கு முந்தைய வாரம் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன்" என்று எந்தப் பெண்ணும் வயிற்றுவலிக்கு வந்த இடத்தில் தானாகச் சொல்வதில்லை. நீங்கள் கேட்டால் சொல்வாள். மாதந்தோறும் அந்த நாட்களில் சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதென்று சொன்னால், மூலிகையோடு நிறுத்தாதீர்கள். மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். 1323 என்ற மனநல உதவி எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

5. கெட்ட உதிரத்தின் ஐந்து வழிகளையும் பிரித்தறியுங்கள்

மேலே சொன்ன ஐந்தும் இயல்பான மாதவிடாயை ஒட்டிய துன்பங்கள். நூல் வேறு ஐந்தைத் தனியே வைக்கிறது: வராமல் தடைபட்டுக் கெட்ட உதிரம், பிள்ளைப்பேற்றின் உதிரம், அடிபட்டதால் கெட்ட உதிரம், அழுகிய உதிரம், உள்ளே தேங்கிக் கன்றிய உதிரம்.

இந்த ஐந்திலும் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையைக் கேட்க வேண்டும். பிள்ளை பெற்று எத்தனை நாளாயிற்று? கரு கலைந்ததா, கலைக்கப்பட்டதா? கீழே விழுந்தாளா, வீட்டில் அடி வாங்கினாளா? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். 'அடிபட்ட உதிரம்' என்ற வகையை ஏட்டில் எழுதி வைத்தவர்கள் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அழுகிய வாடையுள்ள உதிரம் என்றால் இன்றைய மருத்துவ அறிவில் தொற்று நோயை முதலில் நினைக்க வேண்டும். அங்கே தாமதம் கூடாது.

6. காரணத்தை ஐந்து பக்கமும் பாருங்கள்

தாய்லாந்து மரபில் உடல் நான்கு பூதங்களால் ஆனது: நிலத்தின் கூறுகள் 20, நீரின் கூறுகள் 12, காற்று 6, தீ 4, ஆக 42. பௌத்தப் பாலி நூல்களில் உள்ள அதே பகுப்பு. உதிரம் நீரின் பன்னிரண்டில் ஒன்று. நீரைச் சூடாக்குவது தீ, நகர்த்துவது காற்று, தாங்குவது நிலம். ஆகவே உதிரம் கெட்டது என்று சொன்னால் பாதி நோயறிதல்தான். அதைக் கெடுத்தது எது என்று சொல்ல வேண்டும்.

பூதம், பருவம், வயது, வேளை, இடம் என ஐந்து காரணங்களையும் இந்த மரபு பார்க்கச் சொல்கிறது. 16 வயதுவரை கபம் மேலோங்கும். 16 முதல் 32 வரை பித்தமும் உதிரமும். அதன்பின் காற்று. கோடையில் தீயும், மழையில் காற்றும், குளிரில் கபமும் கிளரும். நாளின் வேளைகளும் அப்படியே பிரிக்கப்பட்டிருக்கின்றன. பிற்பகல் 3 முதல் 6 வரை காற்றின் வேளை. கடலோர உப்பு மண்ணில் வளர்ந்தவளுக்கும் மலைச்சரிவில் வளர்ந்தவளுக்கும் வேறு வேறு உடல்வாகு.

பிறந்த மாதத்தை வைத்து உடலின் தலைமைப் பூதத்தைச் சொல்லும் வழக்கமும் உண்டு: ஜனவரி முதல் மார்ச் வரை தீ, ஏப்ரல் முதல் ஜூன் வரை காற்று, ஜூலை முதல் செப்டம்பர் வரை நீர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலம். இதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஜனவரியில் பிறந்தவள் என்பதற்காக, கைகால் சில்லிட்டு வெளுத்து உட்கார்ந்திருப்பவளைத் தீயுடம்புக்காரி என்று சொல்லிவிட முடியாது. கண்ணெதிரே இருக்கும் உடல்தான் முதல் சாட்சி.

7. மணிக்கட்டோடு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள்

அரண்மனை மரபில் வந்த தாய்லாந்து மசாஜ் வைத்தியர் சிகிச்சைக்கு முன் ஒரே பக்கத்து மணிக்கட்டிலும் பாதத்தின் மேற்புறத்திலும் நாடி பார்ப்பார். மேலெழும் காற்றும் கீழிறங்கும் காற்றும் சமமாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுவதற்காக. மாதவிடாய் வெளியேறுவது கீழிறங்கும் காற்றின் வேலை. அது தடைபட்டு மேலே திரும்பினால் வயிற்று உப்புசம், குமட்டல், நெஞ்சடைப்பு, தலைவலி எல்லாம் உதிரத்தோடு சேர்ந்து வரும். ஆகவே மலச்சிக்கலைக் கேட்காமல் மாதவிடாய் வலியைக் கணிக்காதீர்கள்.

பத்து முதன்மை நாடிக் கோடுகள் தொப்புளைச் சுற்றித் தொடங்குகின்றன என்பது இந்த மரபு. இதா, பிங்கலா, சுமனா என்ற முதல் மூன்றும் நம் இடகலை, பிங்கலை, சுழுமுனையோடு உறவுடையவை. பிறப்புறுப்போடு தொடர்புடையது சிக்கினி. வயிற்றைத் தொட்டுப் பார்க்க அவளிடம் அனுமதி கேளுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முழங்காலை மடக்கிப் படுக்கவைத்து, உள்ளங்கையை மெல்ல வையுங்கள். சூடா, சில்லென்றா, இறுக்கமா, கட்டியா என்று பாருங்கள். தொட்டதும் வயிறு பலகையாக இறுகினாலோ, கையை எடுக்கும்போது வலி துள்ளினாலோ அங்கேயே நிறுத்துங்கள். அதற்குமேல் அழுத்துவது குற்றம்.

8. வெளுப்பைக் கண்டால் அவசரப்படாதீர்கள்

கீழிமையை இழுத்துப் பாருங்கள். நாக்கு, நகக்கண், உள்ளங்கை பாருங்கள். வெளுத்திருந்தால் உதிரம் அதிகம் போய் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். ஆனால் தாய்லாந்தில் இன்னொரு காரணமும் மிகப் பரவலானது: தலசீமியா மரபணு. வடகிழக்கு இசான் பகுதியில் ஹீமோகுளோபின் ஈ என்ற வகையைத் தாங்கியிருப்பவர்கள் மிக அதிகம். அவர்களுக்கு மாதவிடாய் சரியாக இருந்தும் இரத்தம் சற்றுக் குறைவாகக் காட்டலாம். இரும்பு மாத்திரையோ 'இரத்தம் ஊறும்' கஷாயமோ அவர்களுடைய குறையைத் தீர்க்காது. சிலருக்கு உடலில் இரும்பு கூடிக் கெடுதலும் செய்யும். வெளுத்த பெண்ணை முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அறிக்கை வந்தபின் பேசுங்கள். பூதங்களின் கணக்கும் ஆய்வகத்தின் கணக்கும் ஒரே மேசையில் இருப்பதில் எந்த இழுக்கும் இல்லை.

9. கூடுதலா, குறைவா என்று தெரியாமல் 'பிரஸ ப்லை' கொடுக்காதீர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் இந்த அறிவுரைக்கு வந்து சேரத்தான்.

'பிரஸ ப்லை' தாய்லாந்தின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள பொடி. 'ப்லை' என்பது இஞ்சி இனத்தைச் சேர்ந்த மஞ்சள் கிழங்கு. மொத்தம் 162 கிராமில் பாதி, அதாவது 81 கிராம், ப்லைதான். மக்ரூட் எலுமிச்சைத் தோல், வசம்பு, பூண்டு, சின்ன வெங்காயம், மிளகு, திப்பிலி இனக் காய், இஞ்சி, கிச்சிலிக் கிழங்கு, கருஞ்சீரகம், இந்துப்பு ஆகிய பத்தும் தலா 8 கிராம். கற்பூரம் 1 கிராம். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் பொருள்கள்போலத் தோன்றுவதால் இதை எளிதாக எண்ணிவிடாதீர்கள். எல்லாம் சேர்ந்து சூட்டை எழுப்பி, காற்றைக் கீழிறக்கி, உதிரத்தைத் தள்ளும்.

மூன்று நிலைகளுக்கு இதைக் கொடுக்கிறோம்: மாதவிடாய் ஒழுங்கில்லாமலோ குறைவாகவோ வருவது, மாதவிடாய் வலி, பிள்ளை பெற்றபின் கருப்பைக் கழிவு வெளியேறுவது. வழக்கமாக வலி வருகிறவள் இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்கி, முதல் இரண்டு நாள் வரை சாப்பிடலாம். குறைவாக வருகிறதென்று சாப்பிடுகிறவள் உதிரம் வந்ததும் நிறுத்த வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் தொடரக் கூடாது.

கர்ப்பிணிக்குக் கூடாது. காய்ச்சல் உள்ளவளுக்குக் கூடாது. பிள்ளை பெற்றபின் உதிரம் கொட்டுகிறவளுக்குக் கூடாது. ஏற்கனவே அதிகம் போகிறவளுக்குக் கொடுத்தால் இன்னும் அதிகம் போகும். கற்பூரம் உடலில் தங்கும் என்பதால் ஈரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவரிடம் எச்சரிக்கை வேண்டும்.

இப்போது புரிகிறதா? ஒரே வலி என்று இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருத்திக்குக் கருஞ்சிவப்பாய்ச் சொட்டுச் சொட்டாக, சில்லிட்ட வயிற்றோடு. இன்னொருத்திக்குக் கட்டி கட்டியாய், இரவெல்லாம் நனைந்து. முதலாமவளுக்கு இந்தப் பொடி மருந்து. இரண்டாமவளுக்கு இது ஆபத்து. அந்த வேறுபாடு மூன்றாம் அறிவுரையில் சொன்ன கேள்விகளில்தான் வெளிப்படும். 'பெண்களுக்கான மருந்து' என்று புட்டியில் எழுதியிருப்பதால் எல்லாப் பெண்களுக்கும் அது ஆகாது.

10. தள்ளிப்போயிருந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை

"உதிரத்தைத் தள்ளும் மருந்து கொடுங்கள்" என்று ஓர் இளம்பெண் வந்தால், வேறெதுவும் கேட்பதற்கு முன் கர்ப்பப் பரிசோதனைக் கிட்டைக் கையில் கொடுங்கள். "வாய்ப்பே இல்லை" என்றாலும் கொடுங்கள். செங்கொடிவேலி வேர் போன்ற சூடான சரக்குகளும், மதுவில் ஊறவைத்த பெண்கள் மருந்துகளும் கர்ப்பத்தில் கேடு செய்யும். கருவைக் கலைக்கலாம் என்று அவற்றைக் குடிப்பவர்கள், கரு முழுதாகக் கலையாமல் உதிரப்போக்கோடு உயிருக்குப் போராடுவதும் உண்டு.

கர்ப்பம் என்று தெரிந்து, அதைத் தொடர அவள் விரும்பவில்லையானால் அவளைத் திட்டாதீர்கள், விரட்டாதீர்கள். தாய்லாந்தில் 2021இல் திருத்தப்பட்ட சட்டப்படி 12 வாரம் வரை பாதுகாப்பான கருக்கலைப்புக்கு வழி இருக்கிறது. 1663 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும். அதைச் சொல்லி அனுப்புவது உங்கள் கடமை. கர்ப்பம் இருந்து, அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலியும் மயக்கமும் இருந்தால், கரு குழாயில் தங்கியிருக்கலாம். ஒரு நிமிடமும் வைத்திருக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

11. காய்ச்சலும் மாதவிடாயும் சேர்ந்தால் அஞ்சுங்கள்

'மாதவிடாய்மேல் ஏறிய காய்ச்சல், காய்ச்சல்மேல் ஏறிய மாதவிடாய்' என்று தாய்லாந்துக் கிராமத்தில் வயதானவர்களும் சொல்வார்கள். இரண்டும் கூடினால் உயிர் போகும் என்ற பயம் அவர்களிடம் பரம்பரையாக இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. அடிவயிற்று வலியும் கெட்ட வாடையும் சேர்ந்த காய்ச்சல் என்றால் கருப்பை, கருக்குழாய்த் தொற்றாக இருக்கலாம். ஆண்டிபயாட்டிக் இல்லாமல் தீராது. விட்டுவைத்தால் மலட்டுத்தன்மை வரை போகும்.

மழைக்காலமானால் டெங்குவையும் நினையுங்கள். டெங்குவில் தட்டணுக்கள் குறையும்போது மாதவிடாய் வந்தால் உதிரம் நிற்காமல் போகலாம். மாதவிடாய் வலிக்கு மெஃபெனமிக் அமில மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது இங்கே சாதாரணப் பழக்கம். டெங்குவில் அந்த வகை மாத்திரையும் ஆஸ்பிரினும் உதிரப்போக்கைக் கூட்டும். சூடான மூலிகையும் கூடாது, மாத்திரையும் கூடாது, மருத்துவமனைதான்.

12. இவற்றில் எது இருந்தாலும் அனுப்பிவிடுங்கள்

மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து நனைதல். மாதவிடாய் முற்றிலும் நின்று ஓராண்டு ஆனபின் மீண்டும் உதிரம் காணுதல். உறவுக்குப் பின் உதிரம். இரண்டு மாதவிடாய்க்கு நடுவே அடிக்கடி உதிரம். 15 வயது முடிந்தும் பூப்படையாமை. ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும் வலி. வயிற்றில் கைக்கு அகப்படும் கட்டி. காரணம் தெரியாத எடைக்குறைவு. இவற்றுக்கு ஸ்கேனும் மகளிர் மருத்துவரும் தேவை. அனுப்புவதை உங்கள் தோல்வியாக எண்ணாதீர்கள். நோய் பிறந்த இடத்தை அறியும் முதற்கடமையைத்தான் அப்போதும் செய்கிறீர்கள்.

13. சூடும் கையும் மருந்துதான். அவற்றுக்கும் அளவு உண்டு

மூலிகை ஒத்தடம், உப்புப்பானை ஒத்தடம், நீராவிக் கூடாரம், பிள்ளை பெற்றவள் தீயருகே படுத்தல் என்று இந்த மரபில் சூட்டுச் சிகிச்சைகள் பல. மண்சட்டியில் உப்பைச் சூடாக்கி, மூலிகைகளோடு துணியில் சுற்றி வயிற்றிலும் இடுப்பிலும் வைத்து எடுப்பது உப்புப்பானை. சில்லிட்டு இறுகிய வயிற்றுக்கு அது நல்ல ஆறுதல். ஆனால் காய்ச்சலில் வேண்டாம். கர்ப்பத்தில் வேண்டாம். உதிரம் மிகுந்து போகும் நாட்களில் வேண்டாம். சிசேரியன் ஆனவருக்குத் தையல் நன்றாக ஆறும்வரை, குறைந்தது ஒரு மாதம், வேண்டாம். மாதவிடாய் நாட்களில் வயிற்றை ஆழ அழுத்தி மசாஜ் செய்யாதீர்கள். காலையும் முதுகையும் மெல்லப் பிடித்துவிட்டாலே பலருக்கு வலி தணியும்.

14. உணவைப் பற்றிப் பயமுறுத்தாதீர்கள்

மாதவிடாய் நாளில் இளநீர் குடித்தால் உதிரம் நின்றுவிடும் என்று தாய்லாந்துப் பெண்கள் பலர் நம்புகிறார்கள். குளிர்ச்சி உதிரத்தை உறைய வைக்கும் என்ற மரபுக் கருத்திலிருந்து வந்தது அது. ஒரு பெண்ணுக்குக் குளிர்ந்தவை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவள் தவிர்க்கட்டும். இஞ்சித் தண்ணீர் குடிக்கட்டும். ஆனால் ஓர் இளநீர் கருப்பையைக் கெடுத்துவிட்டது என்று அவளை நம்ப வைக்காதீர்கள். ஏற்கனவே இரத்தம் குறைந்தவளிடம் முட்டையும் மீனும் கீரையும் 'ஆகாதவை' என்று நீண்ட பத்தியம் எழுதிக் கொடுப்பது அவளை இன்னும் மெலியச் செய்யும்.

15. மூன்று சுழற்சிகளாவது பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

ஒரு மாதம் நன்றாக இருந்தால் குணம் என்று சொல்லாதீர்கள். ஒரு மாதம் மோசமானால் மருந்து தோற்றது என்றும் சொல்லாதீர்கள். அவளிடம் ஒரு நாட்காட்டி கொடுத்து, தொடங்கிய நாள், நின்ற நாள், நாப்கின் எண்ணிக்கை, வலிக்குப் பத்தில் எத்தனை, மனநிலை, சாப்பிட்ட மருந்துகள் எல்லாவற்றையும் குறிக்கச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் புள்ளி வைத்துக் காட்டலாம். மூன்று மாதக் குறிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு மணி நேரப் பேச்சில் தெரியாதது தெரியும். மூன்று சுழற்சியிலும் மாற்றம் இல்லையென்றால் உங்கள் கணிப்பை முதலிலிருந்து ஆராயுங்கள். மருந்தின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்.

16. நான்கு சாய்வுகளிலிருந்து விலகி நில்லுங்கள்

இந்த மரபின் வைத்தியர் ஒழுக்கம் பௌத்தத்திலிருந்து வந்தது. விருப்பத்தாலும், வெறுப்பாலும், பயத்தாலும், அறியாமையாலும் தீர்ப்பு சாயக் கூடாது என்பது அதில் ஒரு விதி. மருந்து விற்க வேண்டும் என்ற ஆசையில் கணிப்பது விருப்பச் சாய்வு. மணமாகாத பெண்ணின் கேள்வியைக் கேட்டு முகம் சுளிப்பது வெறுப்புச் சாய்வு. மாமியார் கோபிப்பாரென்று உண்மையை மறைப்பது பயச் சாய்வு. படிக்காமலே தெரிந்ததாக நடிப்பது அறியாமைச் சாய்வு. ஒவ்வொரு பெண்ணைப் பார்த்து முடித்தபின்பும் இந்த நான்கையும் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் மதியுங்கள். தாய்லாந்து மரபு மருத்துவத் தொழில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. மருத்துவம், மருந்தியல், பிள்ளைப்பேறு, மசாஜ் எனப் பிரிவுகள் தனித்தனி. சில வாரம் மசாஜ் படித்துச் சான்றிதழ் வாங்கியவர் அதை வைத்து மாதவிடாய் நோய்க்கு மருந்து எழுத முடியாது. உரிமம் பெறும்வரை மூத்தவர் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள், குறியுங்கள், கணித்துப் பாருங்கள். உங்கள் கணிப்பை அவருடையதோடு ஒப்பிடுங்கள்.

பிள்ளைகளே, மருந்தறைத் தட்டில் என்ன இருக்கிறது என்பதை ஓராண்டில் கற்றுவிடலாம். எதிரே அமர்ந்திருக்கும் பெண்ணின் உதிரம் கூடுதலா குறைவா, சூடா குளிரா, தடையா கசிவா, இது நம்மால் ஆகுமா ஆகாதா என்று அறிவதற்குத்தான் நெடுங்காலப் பயிற்சி வேண்டும். நாளை முதல் பெண் உங்கள் முன் வந்து உட்காரும்போது, கடைசியாக எந்தத் தேதியில் தொடங்கியது என்று கேட்டு, அவள் சொல்வதை முழுவதும் எழுதிக்கொண்டபின் மருந்துப் பக்கம் திரும்புங்கள்.